பெருவிரல்

முதலில் மழை பெய்தது.
நான்தான் பெய்யவிட்டேன்,
எட்டாம் பக்கத்தில், திருகோணமலை பஸ் நிலையத்துக்கு மேலே,
ஆனி மாதத்தில்.
ஆனியில் இங்கே கச்சான் காற்று
கண்ணுக்குள் மணலை அள்ளிப் போடும்,
ஒரு சொட்டுக்கு வழியில்லை.
ஆனாலும் கதையில் ஒருத்தி வெளிநாடு போகிறாள்.
நனையாமல் எப்படி அனுப்புவது?

பத்திநாதனுக்குத் தாடி வைத்தேன்.
பேச்சைக் குறைத்தேன்.
கடலைப் பார்க்கவிட்டேன், நெடுநேரம்.
ஒரு காகத்தைக் கரண்ட் கம்பியில் இருத்தினேன்.
கோணேசர் கோயில் மணி சந்தைக்குக் கேட்காது,
கேட்கவைத்தேன்.

மர்ஜானா வாசித்தாள்.
கிண்ணியா பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம்.
வாசித்துக்கொண்டே கச்சான் உடைத்தாள்,
கோதைத் தாளின் மேலேயே போட்டாள்.
"பாவம்" என்றாள்,
முன்பின் தெரியாத வீட்டு மரண அறிவித்தலை
ரேடியோவில் கேட்டவள் மாதிரி.
பிறகு,
"என்ன புள்ள, இந்த மனிசன் கடலையே பாத்துக்கிட்டு நிக்கிற?
கடலுக்கு என்ன நடந்த?"

அன்றிரவு மழையை நிறுத்தினேன்.
காகத்தைக் கலைத்தேன். அது போக மனமில்லாமல்
இரண்டு வரி தள்ளிப் போய் உட்கார்ந்தது;
அங்கிருந்தும் கலைத்தேன்.
தாடியைச் சிரைத்தேன்.

பத்திநாதனை எனக்குத் தெரியும்.
மீன் சந்தையில் மூன்றாவது மேசை.
வாய் ஓயாத மனுசன்.
அறக்குளாவை வெட்டும்போதே
வாங்க வந்தவளின் மாமியாரைப் பற்றிப் பகிடி விடுவான்,
அவள் சிரிக்கிற நேரம் பார்த்துப் பெருவிரல்
தராசுத் தட்டின் ஓரத்தில் இறங்கும்.
நூறு கிராம், சிலவேளை நூற்றைம்பது.
என் அம்மா அவனைக் கள்ளன் என்பாள்,
பிறகு அவனிடமே வாங்குவாள்.

நல்லவன் கதைக்கு ஆட்கள்
கைக்குட்டையோடு வருகிறார்கள்.
கள்ளன் என்றால்
காசுப் பையைப் பொத்திக்கொண்டு வருவார்கள்,
நெஞ்சைப் பொத்த மறந்து.

அப்படியே எழுதினேன்.
நண்பகல். நிழல் காலடியில் சுருண்டு கிடக்கிறது.
ஐஸ் உருகிச் சிமெந்தில் ஓடுகிறது.
ஒரு மான், யாருக்கும் பயமில்லாத இந்த ஊர் மான்,
சோற்றுப் பார்சல் சுற்றிய தாளைத் தின்கிறது.
அவன் பெண்சாதி றெஜினா பெட்டியோடு வருகிறாள்.
குவைத்துக்கு முப்பது கிலோதான் விடுவார்களாம்.
"நிறுத்துத் தாங்க."

பெட்டியைத் தட்டில் ஏற்றினான்.
முப்பத்திரண்டு.
கருவாட்டுப் பொதியை எடுத்தாள்.
முப்பத்திரண்டு.
"உன்ர கொம்மா இடிச்ச தூள்தான் பாரம்,
காரத்துக்கும் நிறை இருக்கு" என்றான்.
மீன் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள்.
தூளையும் எடுத்தாள்.
முப்பத்திரண்டு.
இரண்டு சட்டை, ஒரு போர்வை.
முள் அசையவில்லை.
அப்போதுதான் குனிந்து பார்த்தாள்:
தட்டின் ஓரத்தில், செதில் ஒட்டிய அந்த விரல்,
நகம் வெளுக்க.

தட்டிவிடவில்லை.
ஏசவில்லை.
நிமிர்ந்து, சனத்துக்குக் கேட்க,
"இன்னும் கூடத்தான் காட்டுது" என்றாள்.
செருப்புச் சோடியொன்றை எடுத்து
ஐஸ் பெட்டியின் மேல் வைத்தாள்.
வெயில்.
மான் தாளை முடித்து அடுத்த தாளுக்குப் போனது.

அவள் இரண்டரை பஸ்ஸில் போனாள்.
அது கதையில் இல்லை.

மர்ஜானா சிரித்துச் சிரித்து வாசித்தாள்,
செருப்பு வரைக்கும்.
பிறகு கச்சான் பையை முறுக்கி மூடினாள்.
பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. ஏறவில்லை.
"பெட்டி உண்மையில எவ்வளவு?" என்று கேட்டாள்.
எனக்குத் தெரியாது. றெஜினாவுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பழைய எட்டாம் பக்கத்தை எடுத்தேன்.
மழை, மணி, காகம்:
எந்த வரியைத் தொட்டாலும் அடியில் ஒரு விரல்,
மை ஒட்டிய விரல், என்னுடையது.
கசக்கி எறிந்தேன்.

அந்த மானைப் பற்றித்தான்
இன்னும் சந்தேகம்.